யாருடைய செருக்கு?

கிரேக்க நாட்டுப் பழங்கதைகள் நம் சிறுவர்க்குப் பெரும்பாலும் பள்ளிப் புத்தகத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு பறந்து கடலில் விழுந்த இக்காரஸ், பிள்ளைப் பேற்றால் இறுமாந்து பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த நயோபி, தெய்வத்தோடு நெசவிற் போட்டியிட்டுச் சிலந்தியாய்ப் போன அரக்னே ஆகிய மூவரையும் எங்கேனும் ஓரிடத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள். கதை முடிந்ததும், 'ஆகையால் அகந்தை கூடாது' என்று ஒரு வரி வரும். ஆசிரியர் அவ்வரியை வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வர். மாலையில் அப்பிள்ளைகளே கோவிலுக்குப் போனால், அங்கே பிரசங்கியார் இராவணனையும் இரணியனையும் சூரபதுமனையும் வரிசையாக நிறுத்தி, அதே வரியைச் சற்று நீட்டிச் சொல்லுகிறார். உலகமெல்லாம் ஒரே நீதிதான் என்று கேட்டவர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர்.

நாம் அவ்வளவு எளிதில் மகிழ்வதற்கில்லை. ஒரு நீதியைப் பரிசோதிக்கப் புகுவோர், அது எவர் வாயிலிருந்து எவர் காதுக்குப் போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு 'அகந்தை கொள்ளாதே' என்று போதிக்கக் கிரேக்க தேசத்திலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. அந்தப் பாடத்தைத் துரையும் கிராணியும் கங்காணியும் காலையிற் பெரட்டுக் களத்தில் தொடங்கி மாலையில் பால் நிறுக்கும் இடம் வரையில் போதுமான அளவு நடத்தியிருக்கிறார்கள். ஆகவே கிரேக்கர் மெய்யாகவே எதைக் குற்றமென்றனர், அவர்களுடைய கவிகளும் சிற்பிகளும் அதை எவ்விதம் காட்டினர், அந்தக் கண்ணோடு நம்முடைய கதைகளையும் பதுமைகளையும் நோக்கினால் என்ன புலப்படுகிறது என்பவற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். கிரேக்கர் வழங்கிய சொல் 'ஹூப்ரிஸ்' என்பது. ஆங்கிலேயர் அதைத் தங்கள் மொழியில் 'பிரைட்' என்றனர். நாம் ஆங்கிலத்தைப் பார்த்து அகந்தை, கர்வம், ஆணவம் என்று கைக்கு வந்ததை எழுதினோம். இரண்டு முறை கைமாறிய சரக்கு எடை குறைவது இயல்பு. ஏதென்ஸ் நகரத்தில் ஹூப்ரிஸ் என்பது மனத்துக்குள் இருக்கும் ஒரு குணத்தின் பெயராக மாத்திரம் இருக்கவில்லை. நீதிமன்றத்தில் வழக்குத் தொடரக்கூடிய ஒரு குற்றத்தின் பெயராகவும் இருந்தது. ஒருவனை அடிப்பது ஒரு குற்றம். அவனைச் சிறுமைப்படுத்துவதற்காகவே அடிப்பது அதனினும் பெரிய வேறொரு குற்றம். பேச்சுக்கலை பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலில் இதற்கு இலக்கணம் இருக்கிறது. தனக்கு ஒரு லாபமும் இல்லாதிருந்தும், பிறன் தலைகுனிவதைக் கண்டு இன்புறுவதற்காகவே அவனுக்கு மானக்கேடு செய்வது ஹூப்ரிஸ் என்கிறார். இளைஞரும் செல்வருமே இதில் மிகுதியாக இறங்குவர். பிறரைச் சிறுமைப்படுத்தினால் தாங்கள் உயர்ந்துவிடுவதாக அவர்களுக்கு ஓர் எண்ணம் என்றும் காரணம் கூறுகிறார்.

கி.மு. 348-ஆம் ஆண்டளவில் ஏதென்ஸில் நடந்த ஒரு சம்பவம் இதை நன்கு விளக்கும். மெய்டியாஸ் என்னும் பெருஞ் செல்வன், திருவிழாக் காலத்தில், ஊரார் கூடியிருந்த நாடக அரங்கில், நாவலனாகிய டெமாஸ்தனிஸின் முகத்தில் ஓங்கிக் குத்தினான். டெமாஸ்தனிஸ் இது குறித்து எழுதிய வழக்குரை இன்றும் இருக்கிறது. அடியின் நோவை அவர் பெரிதாகப் பேசவில்லை. அடித்தவனுடைய தோற்றம், பார்வை, குரல் ஆகியவற்றையே எடுத்துச் சொல்லி, அவமானம் செய்யவேண்டுமென்றே செய்தான் என்று நிலைநாட்டுகிறார். அச்சட்டம் அடிமைகளையுங்கூடக் காத்தது என்பதையும் அவர் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகளை இறக்கிப் பொருள் சேர்த்த ஊர் அது. அச்சட்டத்தைக் கொண்டு எத்தனை அடிமைகள் நியாயம் பெற்றனர் என்று கேட்டால் கிரேக்க அபிமானிகள் தலையைச் சொறிவார்கள். நிற்க, சட்டத்திலாவது அப்படி ஒரு சொல் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்வோம்.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தன் தகுதியை உணர்ந்து, அதற்குரிய மதிப்பை எதிர்பார்ப்பவனை அரிஸ்டாட்டில் குறைகூறவில்லை. தமது ஒழுக்க நூலில் அதை ஒரு நற்குணமாகவே வைத்தார். தன் தகுதியிலும் குறைவாகத் தன்னை மதித்துக்கொள்பவனையே குறையுடையவன் என்றார். நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்து, அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுத்திருப்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. திருவள்ளுவரும் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்து நின்றுவிடவில்லை. மானத்துக்கு ஒன்றும் பெருமைக்கு ஒன்றும் தனித்தனியே தந்தார். இவ்வளவு சொற்கள் கையிலிருந்தும், நிமிர்ந்து நின்றவனையெல்லாம் 'திமிர் பிடித்தவன்' என்ற ஒரே சொல்லால் அடிக்கப் பழகியது நம்முடைய பிற்காலத்துச் சாமர்த்தியம்.

இனிக் கவிகளிடம் வருவோம். ஹோமர் பாடிய இலியட் ஒரு பூசலில் தொடங்குகிறது. சேனைக்குத் தலைவனான அகமெம்னோன், தன் பங்குக்கு வந்த சிறைப்பெண்ணைத் திருப்பி அனுப்ப நேர்ந்தமையால், அக்கிலிஸுக்கு உரியவளாகக் கொடுக்கப்பட்டிருந்த பிரிசேயிஸைப் பறித்துக்கொள்கிறான். அப்போது அக்கிலிஸ் அவனுடைய செயலை ஹூப்ரிஸ் என்றே அழைக்கிறான். அதேனா தேவியும் அச்சொல்லை ஒப்புக்கொள்கிறாள். வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கிரேக்க இலக்கியத்தின் தலைவாசலிலேயே இச்சொல் அரசன்மேல் எறியப்படுகிறது. எளியவன் மேலிடத்தை நோக்கிப் பேசியதை அது குறிக்கவில்லை. மேலிடத்திலிருப்பவன் கீழே கைநீட்டிப் பறித்ததைக் குறிக்கிறது. (பறிக்கப்பட்ட பெண்ணை எவரும் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

இரண்டாம் பாகத்தில் தெர்சிட்டீஸ் வருகிறான். இவன் வமிசமோ நாடோ சொல்லப்படவில்லை. டிராய்க்கு வந்தவர்களில் இவனே மிகவும் அவலட்சணமானவன் என்று கவி தொடங்குகிறார். கால் விந்தி நடப்பவன், தோள் கூனியவன், தலையில் மயிர் அரிதானவன். அவன் வாய் திறப்பதற்கு முன்னரே நாம் அவனை வெறுத்துவிடவேண்டுமென்பது ஏற்பாடு. ஆனால் அவன் பேசுவது என்ன? அரசனுடைய கூடாரம் வெண்கலத்தாலும் பெண்களாலும் நிறைந்திருக்கிறது; நகரங்களைப் பிடித்துக் கொடுப்பவர்கள் நாம்; அக்கிலிஸின் பரிசைப் பறித்து அவனையும் அவமதித்தான்; கப்பலேறி ஊர் திரும்புவோம் என்பதே. முதற் பாகத்தில் அக்கிலிஸ் சொன்னதற்கும் இதற்கும் பொருளில் வேற்றுமை சிறிதே. அக்கிலிஸ் சொன்னபோது தேவி வானத்திலிருந்து இறங்கி வந்து சமாதானம் பேசினாள். தெர்சிட்டீஸ் சொன்னபோது ஒடிசியஸ் செங்கோலை ஓங்கி அவன் முதுகிலும் தோளிலும் அடித்தான். முதுகு தடித்துப்போயிற்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சேனை சிரித்தது. அதே ஒடிசியஸ் சற்று முன்பு கூட்டத்தை நிறுத்தும்போது, பிரபுக்களிடம் மெல்லிய வார்த்தை பேசி, சாமானியரை மாத்திரம் கோலால் அடித்துக்கொண்டு போனான் என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை.

ஹோமர் யார் பக்கம் என்று பண்டிதர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். நமக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தச் சிரிப்பைப் பற்றி அவர் சொல்லும் ஒரு குறிப்பு. சிரித்தவர்கள் உள்ளூர வருந்திக்கொண்டேதான் சிரித்தார்கள் என்கிறார். தங்களுக்காகப் பேசியவன் அடிபடும்போது, அடிப்பவனுக்கு முன்னால் சிரிக்கவேண்டியிருக்கிற கூட்டத்தை ஹோமர் கண்டிருக்கிறார். பெரட்டுக் களத்தில் நின்றவர்க்கும் அச்சிரிப்பு புதியதன்று.

நயோபியின் கதையோ பாடப்புத்தகத்தால் மிகவும் கெட்டுப்போன கதை. தீப்ஸ் நகரத்து அரசியாகிய இவள், எனக்குப் பிள்ளைகள் பலர், லேட்டோவுக்கு இருவரே என்று பேசினாள். அவ்விருவராகிய அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் வில்லெடுத்து இவள் மக்களை ஒருவர் மிச்சமின்றி எய்து கொன்றனர். இவள் அழுதழுது கல்லானாள். பேச்சுக்குத் தண்டனை கொலை. அதுவும் பேசியவளை விட்டுவிட்டுப் பேசாத பிள்ளைகளைக் கொல்வது. இதைப் படித்துவிட்டு 'நயோபியின் அகந்தை' என்று மாத்திரம் தலைப்பிடுகிறவர், லேட்டோவின் மனநிலைக்கு என்ன பெயர் வைப்பார்?

பழைய கிரேக்கர் இதை அப்படிப் படித்து நிறுத்தவில்லை என்பதற்கு ஹோமரே சாட்சி. இலியட்டின் கடைசிப் பாகத்தில், மகனைப் பறிகொடுத்த கிழவனான பிரயம், மகனைக் கொன்ற அக்கிலிஸின் கூடாரத்துக்கே வந்து உடலை இரந்து நிற்கிறான். இருவரும் அழுகின்றனர். பின்பு அக்கிலிஸ் அவனை உண்ண அழைத்து, நயோபியின் கதையைச் சொல்லுகிறான். அங்கே பிள்ளைகள் பன்னிருவர். ஒன்பது நாள் அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடந்தனர். அப்படிப்பட்ட தாயும் அழுது ஓய்ந்தபோது உணவை நினைத்தாள்; நீயும் உண் என்கிறான். அவள் என்ன தவறு செய்தாள் என்பதைச் சொல்லாமல் விடவில்லை. ஆயினும் கதை எச்சரிக்கையாக வரவில்லை. துக்கத்தில் இருப்பவன் பட்டினி கிடக்கக்கூடாதென்று இன்னொரு துக்கத்தைக் காட்டிச் சோறு போடுகிறான் ஒருவன். சாவு வீட்டில் நம் கிழவிகள் செய்வதும் இதுதானே!

சிற்பிகளும் இந்தப் பக்கமே சாய்ந்தனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் வரையப்பட்டு இப்போது பாரிஸ் லூவர் மாளிகையில் இருக்கும் மட்கலம் ஒன்றில், தேவர் இருவரும் நிதானமாக அம்பு தொடுத்து நிற்கின்றனர்; பிள்ளைகள் பாறைகளின் இடையே விழுந்து கிடக்கின்றனர். 1583-இல் உரோமாபுரியில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று பிளாரன்ஸ் நகரத்து உஃபீஸியில் இருக்கும் சிலைத் தொகுதியில், நயோபி தன் கடைசிப் பெண்ணை மடியோடு அணைத்து, மேலாடையால் மறைத்து, முகத்தை வானத்துக்கு உயர்த்துகிறாள். அந்தச் சிலையைப் பார்ப்பவர் எவருக்கும் 'இவளுக்கு வேண்டியதுதான்' என்று சொல்ல நா எழாது. கதையின் நீதி ஒரு பக்கம் நிற்க, உளி வேறொரு தீர்ப்பை எழுதிவிட்டது.

அரக்னேயின் கதையை நாம் முழுதாகப் பெறுவது உரோமக் கவியாகிய ஓவிடின் வாயிலாக. அவர் அதைச் சொல்லும் விதமும் கவனிக்கத்தக்கது. அரக்னே சாயத் தொழிலாளியின் மகள். குலமில்லை, செல்வமில்லை, கைத்திறம் ஒன்றே உண்டு. அவள் நெய்த துணியில் தேவர்கள் வேடம் மாறிப் பெண்களைக் கெடுத்த வரலாறுகள் இருந்தன. தேவியால் அத்துணியில் ஒரு பிழையும் காண முடியவில்லை. பிழை காண முடியாமையாலேயே அதைக் கிழித்து, நெசவுக் கட்டையால் அவளை நெற்றியில் அடித்தாள். தோற்றது யார் என்பதைக் கவி வெளிப்படையாகச் சொல்லவேண்டியதில்லை. ஓவிடையே அகஸ்டஸ் சக்கரவர்த்தி கி.பி. 8-இல் நாடு கடத்தினார். மார்சியாஸின் கதையும் இவ்வகையினதே. குழலூதி அப்பல்லோவோடு போட்டியிட்டுத் தோற்றதற்காக உயிரோடு தோலுரிக்கப்பட்ட அவனுடைய சிலை உரோமாபுரியின் பொதுச் சதுக்கத்தில் நின்றது. அது சுதந்தரத்தின் அடையாளம் என்று பழைய உரைகாரர் எழுதிவைத்தனர்.

கிரேக்கர் பகைவன் செருக்கைப் பேசியதே இல்லையா என்று கேட்கலாம். பேசினர். பாரசீக மன்னன் செர்க்ஸீஸ் கடலுக்குச் சவுக்கடி கொடுக்கச் சொன்ன கதை பிரசித்தம். அவன் சலாமிஸ் கடற்போரில் கி.மு. 480-இல் தோற்றான். எட்டாண்டு கழித்து, அப்பாரசீகரோடு மராத்தான் களத்தில் நேரே பொருதவரான ஈஸ்கிலஸ், 'பாரசீகர்' என்ற நாடகத்தை ஏதென்ஸ் மேடையில் ஏற்றினார். காட்சி முழுவதும் பாரசீக அரண்மனையில். பேசுவோர் அனைவரும் பாரசீகர். கிரேக்க வீரன் ஒருவன் பெயர்கூட இல்லை. மாண்ட பாரசீகத் தலைவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுகையோடு சொல்லப்படுகின்றன. வென்றவர் உட்கார்ந்து தோற்றவன் தாயின் புலம்பலைக் கேட்டனர். செர்க்ஸீஸின் செருக்கு அங்கே கண்டிக்கப்படாமலில்லை. அவன் தந்தையின் ஆவியே எழுந்து வந்து கண்டிக்கிறது. ஆனால் கண்டிக்கப்படுபவனுக்கு மனித முகம் இருக்கிறது.

இந்த இடத்திலிருந்துதான் நாம் நம்முடைய பதுமைகளைப் பார்க்கவேண்டும். கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் 2006-இல் எழுப்பப்பட்ட 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலையை உலகம் அறியும். அதற்குச் சற்று அப்பால் இராமாயணக் குகை இருக்கிறது. வர்ணம் தீட்டிய சிமெண்டுப் பதுமைகளால் அமைந்த அக்கதையில், பிள்ளைகளை மிகுதியாக நிறுத்திவைப்பது கும்பகர்ணன் படுத்துறங்கும் பேருருவம். வியக்கிறார்கள், சிரிக்கிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள். கம்பன் காட்டிய கும்பகர்ணன் யார்? பிறன் மனைவியைச் சிறைவைத்தது தவறென்று தமையனுக்கு முகத்துக்கு நேரே சொன்னவன். சொல் ஏறாதபோது, உண்ட சோற்றுக்காகச் சாகப் போனவன். அந்தக் கும்பகர்ணனைத் தூங்குமூஞ்சி அரக்கனாக மாத்திரம் படுக்கவைத்தது சிற்பக் கலையின் வறுமையே. பெருமாள் கோவிலிலும் முருகன் கோவிலிலும் தூண்டுகையிலும் விமானத்திலும் பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லுமாக அசுரரைச் செய்து நிறுத்துவதும் இதைச் சேர்ந்ததே. கேட்டால் மரபு என்பார்கள்.

மரபு அப்படியன்று. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய மகிடனைப் பாருங்கள். எருமைத் தலை ஒன்றைத் தவிர அவன் முழு மனிதன், கட்டுடல் வீரன். கையில் கதை, தலைக்குமேல் அரசகுடை. தேவியின் அம்புக்குப் பின்வாங்குகிறான், ஆயினும் அவமானப்படவில்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோவிலில் எட்டாம் நூற்றாண்டில் அமைந்த சிற்பத்தில், இராவணன் இருபது கரத்தையும் மலையடியில் மடக்கிக் கொடுத்து முழு வலியோடு தள்ளுகிறான், மேலே உமையம்மை திடுக்கிட்டுச் சிவனைப் பற்றுகிறாள், தோழி ஓடுகிறாள். மலையைத் தாங்கும் அந்த முதுகே சிற்பத்தின் உயிர். சைவர் கதையிலும் மலைக்கீழ் நெரிந்த இராவணன் இசை பாடி, வாளும் வாழ்நாளும் வரமாகப் பெற்றுப் போகிறான்.

சம்பந்தர் தேவாரத்தைப் பாராயணம் செய்வோர் ஒரு வரிசையை அறிவர். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணன் நெரிபட்டதைச் சொல்லும். ஒன்பதாம் பாட்டு அடியும் முடியும் காணமாட்டாத திருமாலையும் பிரமனையும் சொல்லும். பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் பழிக்கும். முதல் இரண்டில் ஒரு பெருமை இருக்கிறது. அரக்கனுக்குச் சொன்னதையே தேவருக்கும் சொல்ல ஒரு சமயம் துணிந்ததல்லவா! கருவறையின் பின்சுவரில் இலிங்கோற்பவரை வைத்து, தேவரின் செருக்கடங்கிய கதையைத் தினமும் சுற்றிவரச் செய்தார்கள். மூன்றாவது நம்மால் ஒப்பக்கூடியதன்று. மாற்றுக் கொள்கை உடையவரையும் இவ்வரிசையிற் கொண்டுவந்து நிறுத்தினால், பிறகு ஏன் என்று கேட்பவரெல்லாம் செருக்கரே.

சூரபதுமன் விஷயமும் ஒரு வார்த்தை. கந்தசஷ்டி ஆறாம் நாள் முருகன் கோவில்களிற் சூரசம்ஹாரம் கண்டு மகிழும் கூட்டம், மாமரம் பிளந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கச்சியப்பர் கந்தபுராணத்தில் கதை அதோடு முடியவில்லை. பிளவுபட்டவன் மயிலும் சேவலுமாகி, வென்றவனுக்கு ஊர்தியும் கொடியுமாகிறான். தேவரைக் குற்றேவல் செய்யவைத்ததும் இந்திரன் மகனைச் சிறையிட்டதும் அவன் குற்றங்கள்; கிரேக்கன் கேட்டாலும் அவற்றை ஹூப்ரிஸ் என்றே சொல்லியிருப்பான்.

நம் சீர்திருத்தத் தோழர்கள் இக்கதைகளுக்கு மறுமொழி எழுதாமலில்லை. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-இல் வெளிவந்தது; சென்னை அரசாங்கம் 1948-இல் அதைத் தடைசெய்தது; தடை 1971-இல்தான் நீங்கிற்று. அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' இராவணன் வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்து மேடையேற்றியது. அக்காலத்தில் அவை பெரும் பணி செய்தன. அரக்கன் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதக் கூட்டம் இருக்கிறது என்று கேட்கவைத்தன. எனினும் நம்மவர் நூல் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் எதற்கு? நல்லவன் கிரீடத்தைக் கழற்றிக் கெட்டவன் தலையில் வைத்தால் கிரீடம் மாத்திரமே இடம் மாறுகிறது. சீதையை அவள் சம்மதமின்றித் தூக்கிப்போன செயல், அகமெம்னோன் பிரிசேயிஸைப் பறித்ததைப்போலவே, பிறர் மானத்தின்மேல் கைவைத்த செயல். அதைக் கழுவிப் பரிசுத்தமாக்க எந்தச் சீர்திருத்தமும் முயலவேண்டியதில்லை. சூர்ப்பனகையின் மூக்கை அறுத்ததும் அவ்வாறே. அதை வீரமென்று கொண்டாட எந்தப் பக்தியும் முயலவேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் ஒரு காவியம் நமக்கு வேண்டும்.

இப்போது நம் ஊருக்கே வருவோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது. தமிழ் நேசன் பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் தலைமை தாங்கினார். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது; கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதிருந்தது; பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதிருந்தது; உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது என்பதிருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமார்க்கும் ஆசிய உத்தியோகஸ்தர்க்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளில் ஏறிச் செல்ல உரிமை வேண்டும் என்பது அது.

அந்நாள் வழக்கத்தை அறியாத இளையோர்க்குச் சொல்லவேண்டும். சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே துரையோ உத்தியோகஸ்தரோ வந்தால் இறங்கவேண்டும். இறங்கினால் தோட்டத்துக்கு ஒரு காசும் வரவில்லை. இறங்காவிட்டால் ஒரு காசும் போகவில்லை. ஒருவன் இறங்கி நிற்பதை இன்னொருவன் பார்க்கவேண்டும் என்பது மாத்திரமே அதன் பயன். அரிஸ்டாட்டில் எழுதிய இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை ஏதென்ஸ் முழுவதும் தேடினாலும் எடுக்க முடியாது. ஆனால் தோட்டத்துப் பேச்சில் 'திமிர்' என்ற பெயர் எவருக்குப் போயிற்று? இறங்க மறுத்தவனுக்கு. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதை என்ற சொல்லை இங்கே விதைத்துச் சென்றிருந்தார். அச்சொல்லைக் கேட்டுச் சிலர் கூலிக்காரனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதென்றே கவலைப்பட்டனர்.

நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதுசெய்யப்பட்டார். வேலைநிறுத்தம் பரவிற்று. இந்தியத் துருப்புகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தெர்சிட்டீஸின் முதுகில் தடித்த தழும்புக்குப் பிறகு இலியட்டில் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை; மிச்சக் கதை முழுவதும் அக்கிலிஸின் கோபத்தைப் பற்றியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறிவிட்டன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாடகம் போடும் இளைஞர்கள் ஆண்டுதோறும் கதை கிடைக்கவில்லையென்று குறைப்படுவதாகக் கேள்வி. அவர்கள் 1941-ஐ எடுத்துக்கொள்ளலாம். திரையும் ஜோடனையும் வேண்டியதில்லை. மேடையில் ஒரு செம்மண் சாலை, தூரத்தில் ஒரு பங்களா, ஒரு சைக்கிள். ஒரே ஒரு வேண்டுகோள்: கிராணிக்குக் கோரைப் பல் வைக்கவேண்டாம். அவனும் தன் துரைக்கு முன்னால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவன்தான். அவனுக்கும் ஒரு வீடும், அந்த வீட்டில் அவன் பேசும் பேச்சும் உண்டு. ஈஸ்கிலஸ் பாரசீக அரண்மனைக்குள் நுழைந்ததுபோல நாடகாசிரியர் அந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்க்கவேண்டும். சைக்கிளில் வருபவன் இறங்குவதா வேண்டாமா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் அந்த நூறு கஜ தூரத்தை எத்தனை நிமிஷம் நீட்டுவது என்பது நடிப்பவர் திறமையைப் பொறுத்தது.